ப்ளம்ஸ், தாட்பூட், கொஞ்சம் நல்ல டீத்தூள்: வீட்டில் ஐஸ் டீ போடுவது எப்படி

குன்னூரில் மே மாதத்திலும் சாயங்காலம் ஆனால் ஸ்வெட்டரைத் தேடுகிற ஆட்கள் நாங்கள், எங்களுக்கு எதற்கு ஐஸ் டீ என்று கேட்டால் நியாயமான கேள்விதான். ஆனால் சீசன் ஆரம்பித்துவிட்டால் வீடு நிறைய விருந்தாளிகள், மேட்டுப்பாளையத்து வெயிலில் வதங்கி மேலே ஏறி வருகிற சொந்தக்காரர்கள், லீவுக்கு வந்த பிள்ளைகள், எல்லோருக்கும் மத்தியானத்தில் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டும். அது போக, இங்கே வந்து டீத்தூள் வாங்கிக்கொண்டு கீழே போகிறவர்களிடமிருந்து வருஷா வருஷம் ஒரே புகார் வரும்: “உங்க வீட்ல குடிச்சப்ப நல்லா இருந்துச்சு, நாங்க போட்டா கசக்குது, கலங்கலா வேற இருக்கு.” விசாரித்தால் பழம் வாங்குவதற்குத்தான் அத்தனை மெனக்கெட்டிருப்பார்கள். தூள் என்ன தூள் என்று கேட்டால், “வீட்ல இருந்ததுதான்” என்பார்கள்.

அங்கேதான் கோளாறு. ஐஸ் டீயில் பழம் இரண்டாவது ஆள். டீ சரியாக இறங்கவில்லை என்றால் எவ்வளவு உசத்தியான பழத்தைப் போட்டாலும் அது கசப்பை மறைக்கச் சர்க்கரை கேட்கிற பானமாகத்தான் முடியும். அதனால் இந்தக் கட்டுரையிலும் பழத்துக்கு வரக் கொஞ்சம் நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தூள்

நீலகிரியில் உள்ள ஃபேக்டரிகளில் பெரும்பாலானவை சிடிசி தூள்தான் தயாரிக்கின்றன. பல் வைத்த ரோலர்களுக்கு நடுவே இலையை நசுக்கிக் கிழித்து உருட்டி எடுப்பது. பாக்கெட்டைப் பிரித்தால் குட்டிக் குட்டி உருண்டைக் குருணையாக இருக்கும், இல்லாவிட்டால் பொடியான டஸ்ட்டாக இருக்கும். இது பால் டீக்கென்றே செய்த சரக்கு. சாயம் சட்டென்று இறங்கும், பாலையும் சர்க்கரையையும் மீறிக்கொண்டு ஸ்ட்ராங்காக நிற்கும். ரேஷன் கடையில் கிடைக்கும் ஊட்டி டீயும் இந்த வகைதான், காலையில் பால் ஊற்றிக் குடிக்க அதை அடித்துக்கொள்ள முடியாது. ஆனால் பால் இல்லாமல் ஆற வைத்துக் குடிக்கும்போது அதே ஸ்ட்ராங் கசப்பாகவும் துவர்ப்பாகவும் நாக்கில் ஒட்டும்.

ஐஸ் டீக்கு வேண்டியது ஆர்த்தடாக்ஸ். இலையை வாடவைத்து, நசுக்காமல் உருட்டி, காற்றுப்பட வைத்துக் காய வைப்பது. முறுக்கிக்கொண்ட கறுத்த துணுக்குகளாக இருக்கும், நனைந்தால் விரிந்து இலை என்றே தெரியும். கடையில் “ஆர்த்தடாக்ஸ் இருக்கா, லீஃப் டீ வேணும், டஸ்ட் வேண்டாம்” என்று கேட்டாலே போதும், எடுத்துக் காட்டுவார்கள். விலை சிடிசியைவிடக் கூடத்தான். ஆனால் ஒரு லிட்டருக்கு 10 கிராம்தான் போகப்போகிறது, 100 கிராம் பாக்கெட் பத்து லிட்டருக்கு வரும். கணக்குப் போட்டுப் பார்த்தால் கடையில் வாங்குகிற ஒரு குளிர்பானத்தின் விலைகூட ஆகாது.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, உறைபனி விழுகிற மாதங்களில் கிள்ளுகிற கொழுந்து மெதுவாக வளரும், வாசனை தூக்கலாக இருக்கும், அதைத்தான் ஃப்ராஸ்ட் டீ என்று தனியாக விற்கிறார்கள். அருமையான டீ. அதில் ப்ளம்ஸை நசுக்கிப் போடாதீர்கள், பாவம். அதை வெறுமனே குளிர வைத்து, வேண்டுமானால் ஒரு எலுமிச்சைத் தோல் மட்டும் போட்டுக் குடியுங்கள். பழம் போடுவதற்கு நடுத்தர விலை ஆர்த்தடாக்ஸ் போதும்.

இன்னொன்று. சீசன் கடைகளில் சாக்லேட் டீ, மாம்பழ டீ, ஸ்ட்ராபெர்ரி டீ என்று கலர் கலராகத் தட்டில் குவித்து வைத்திருப்பார்கள். மூடியைத் திறந்தவுடன் வாசனை மூக்கைத் துளைத்தால் அது பெரும்பாலும் எசன்ஸ் வாசனை. நாம் பழத்தையே போடப்போகிறோம், எசன்ஸ் எதற்கு? தூளாக மட்டும் இருக்கிற தூளை வாங்குங்கள்.

ஏன் நீலகிரி டீ இதற்குப் பொருத்தம் என்று கேட்டால், அது வெறும் ஊர்ப்பெருமை கிடையாது. டீ ஆறும்போது அதிலுள்ள காஃபீனும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிகச் சிறிய துகள்களாகத் திரளும். ஃப்ரிட்ஜில் வைத்த டீ பால் கலந்தது போல் மங்கலாகிப் போவது இதனால்தான், தொழிலில் இருப்பவர்கள் இதை க்ரீம் டவுன் என்பார்கள். அசாம் டீயில் இது சீக்கிரம் நடக்கும். நல்ல நீலகிரி ஆர்த்தடாக்ஸ் குளிர்ந்த பிறகும் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும், ஐஸ் டீக்கென்று தேயிலை கலக்குகிற வெளிநாட்டுக் கம்பெனிகள் இதைத் தேடி வாங்குவதற்கு அதுதான் காரணம். இடையில் ஒரு கதை: 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தியத் தேயிலைக்கு விளம்பரம் செய்யப் போன ரிச்சர்ட் பிளெசிண்டன் என்பவர், வெயிலில் சூடான டீயை யாரும் சீண்டாததால் ஐஸைப் போட்டுக் கொடுத்தார், அப்படித்தான் ஐஸ் டீ பிறந்தது என்று சொல்வார்கள். பிறந்தது என்பது மிகை, 1870களிலேயே அங்கே சமையல் குறிப்புகளில் ஐஸ் டீ இருக்கிறது. ஆனால் அது ஊரெல்லாம் பரவ அந்தக் கண்காட்சி ஒரு காரணம்.

தண்ணீர் விஷயம்

கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீடு என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாம். போர் தண்ணீர் என்றால் நில்லுங்கள். உப்புத் தண்ணீரில் டீ மங்கலாகும், மேலே ஆடை மாதிரி ஒன்று படியும், வாசனையும் எழாது. குடிக்கிற கேன் தண்ணீரையோ ஃபில்டர் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, மலையில் இருப்பவர்களுக்கு மட்டும். உயரம் ஏற ஏறத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி. ஊட்டி 2,240 மீட்டர், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே தளதளக்கும். குன்னூரில் 94 பக்கம். கொடைக்கானலும் ஊட்டிக்குக் கிட்டத்தட்டச் சமம்தான். ஆகவே கீழே நான்கு நிமிஷம் ஊறினால் போதும் என்கிற இலைக்கு இங்கே ஐந்து நிமிஷம் கொடுக்க வேண்டும். கோவைக்காரர் சொன்ன அளவில் ஊட்டியில் போட்டு “சப்பென்று இருக்கே” என்று கூடத் தூள் போடாதீர்கள், ஒரு நிமிஷம் கூட விடுங்கள்.

சூடாக இறக்கிக் குளிர வைப்பது

அவசரத்துக்கு இதுதான். ஒரு லிட்டர் ஐஸ் டீக்கு:

ஆர்த்தடாக்ஸ் இலை 10 கிராம், அதாவது தலை தட்டி ஐந்து டீஸ்பூன். தண்ணீர் முதலில் அரை லிட்டர், பிறகு ஆறின குடிதண்ணீர் இன்னொரு அரை லிட்டர்.

அரை லிட்டரை நன்றாகக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் இலை. நம் வீடுகளில் தூளைப் போட்டுப் பொங்கப் பொங்கக் கொதிக்க விட்டு, கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றிப் பழகிய கை சும்மா இருக்காது, ஆனால் இங்கே அது வேண்டாம். மூடி வையுங்கள். கீழே நான்கு நிமிஷம், மலையில் ஐந்து. அப்புறம் வடிகட்டுங்கள், வடிகட்டியில் இருக்கிற சக்கையைக் கரண்டியால் அழுத்திப் பிழியாதீர்கள், கடைசியில் பிழிந்து வருகிற அந்த இரண்டு ஸ்பூனில்தான் துவர்ப்பு அவ்வளவும் இருக்கிறது.

வடிகட்டியதும் ஆறின அரை லிட்டரை ஊற்றிக் கலந்து, வெளியிலேயே ஆற விடுங்கள். கை வைத்தால் சூடே தெரியாத நிலைக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வைக்கலாம். சூட்டோடு உள்ளே தள்ளினால் கலங்குவதற்கு வாய்ப்பு அதிகம். அதற்காக ராத்திரி முழுக்க வெளியே விட்டுவிடாதீர்கள், ஒரு மணி நேரம் போதும். அப்படியும் கலங்கிவிட்டால் கொட்ட வேண்டாம், ருசிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொதிக்கிற தண்ணீர் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் தெளிந்துவிடும்.

வீட்டில் சிடிசி மட்டும்தான் இருக்கிறது, கடைக்குப் போக முடியாது என்றால்? மூன்று டீஸ்பூன் போடுங்கள், இரண்டரை நிமிஷத்தில் வடிகட்டிவிடுங்கள். சுமாராக வரும். எலுமிச்சையும் இஞ்சியும் போட்டுச் சமாளிக்கலாம், ப்ளம்ஸை அதில் வீணாக்க வேண்டாம்.

கிரீன் டீ போடுவதானால் கொதித்த தண்ணீரை ஏழெட்டு நிமிஷம் ஆற விட்டு அப்புறம் இலையைப் போடுங்கள், இரண்டு நிமிஷம் ஊறினால் ஆயிற்று. பேரிக்காயோடு நன்றாகப் போகும்.

பச்சைத் தண்ணீரில் ஊற வைப்பது

என்னைக் கேட்டால் புதிதாகப் போடுகிறவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதைக் கெடுப்பது கஷ்டம். சூடில்லாத தண்ணீரில் வாசனையும் லேசான இனிப்பும் இறங்கும், காஃபீனும் துவர்ப்பும் குறைவாகத்தான் இறங்கும். அதனால் கசக்காது, கலங்காது, சர்க்கரையும் பாதிதான் பிடிக்கும்.

கண்ணாடி ஜாடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஊறுகாய் போட்ட ஜாடி என்றால் வாசனை போகக் கழுவி வெயிலில் காய வைத்தது. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீர் ஒரு லிட்டர், இலை ஐந்து முதல் ஆறு டீஸ்பூன். அவ்வளவுதான். மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். போட்டவுடன் இலை முழுதும் மேலேயே மிதந்துகொண்டிருக்கும், ஒன்றும் நடக்காதது போலத் தெரியும். பத்து நிமிஷத்தில் நனைந்த இலைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கும், இறங்குகிற வழியில் பழுப்பு நூல் மாதிரி சாயம் தொங்கும். அப்போது ஸ்பூன் விட்டுக் கலக்கத் தோன்றும். கலக்க வேண்டாம். எட்டு மணி நேரம், பெரிய இலை என்றால் பத்து மணி நேரம்கூட விடலாம். காலையில் மெல்லிய துணியில் வடிகட்டினால் தேன் நிறத்தில், அடியில் விரல் வைத்தால் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கும்.

தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றச் சொன்னது சும்மா இல்லை. இந்த முறையில் சூடே கிடையாது, தண்ணீரில் இருப்பதும் இலையில் இருப்பதும் அப்படியே பானத்துக்கு வரும். இதே காரணத்துக்காக, ஜாடியை மொட்டை மாடி வெயிலில் வைத்து டீ இறக்குகிற வீடியோக்களைப் பார்த்து அப்படிச் செய்யாதீர்கள். வெயிலில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் ஆகும், கிருமி சாகிற சூடு வராது, கிருமி வளர வசதியான சூடுதான் வரும். ஃப்ரிட்ஜ் மட்டும்தான்.

சர்க்கரை, தேன், பாகு

குளிர்ந்த டீயில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினால் பாதி அடியிலேயே தங்கும். ஒரு டம்ளர் சர்க்கரைக்கு ஒரு டம்ளர் தண்ணீர், கரைகிற வரை சூடாக்கி ஆற வைத்துப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பிப் பதம் எல்லாம் வேண்டாம், கரைந்தால் போதும். ஒரு வாரம் தாராளமாக இருக்கும், எலுமிச்சை ஜூஸுக்கும் ஆகும்.

நாட்டுச் சர்க்கரை போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடலாம், நிறம் கறுக்கும், பழத்தின் வாசனை பின்னால் போய்விடும். இஞ்சி எலுமிச்சை டீக்கு அது நன்றாக இருக்கும், ஸ்ட்ராபெர்ரிக்கு ஒட்டாது. மலைத்தேன் இருந்தால் தாட்பூட்டோடு, அதாவது பேஷன் ஃப்ரூட்டோடு, சேர்த்துப் பாருங்கள். தேனை நேராகக் குளிர்ந்த டீயில் விட்டால் கட்டியாகி அடியில் உட்காரும், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இனிப்பைக் குளிர்ந்த பிறகுதான் பார்க்க வேண்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு குறைவாகத் தெரியும், வெதுவெதுப்பாக இருக்கும்போது சரியாக இருந்தது ஐஸ் போட்டதும் மட்டாகிவிடும்.

இப்போது பழம்

சீசனைப் பார்த்து வாங்கினால் பாதி வேலை முடிந்தது. மே மாதம் வந்தால் குன்னூர், கோத்தகிரி பக்கம் ப்ளம்ஸும் பீச்சும் வந்துவிடும், படுகர் ஹட்டிகளிலும் (அவர்களுடைய ஊர்களிலும்) வீட்டுப் பின்பக்கங்களிலும் மரம் இருக்கிறது. ஜூலை தாண்டினால் பேரிக்காய். தாட்பூட் பழம் மே, ஜூனில் ஒரு முறை, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு முறை. என்னென்ன பழம் இந்த மலையில் விளைகிறது என்று ஒரே இடத்தில் பார்க்க ஆசைப்பட்டால் மே கடைசியில் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக்கண்காட்சி நடக்கும், 1874இல் ஆரம்பித்த பூங்கா அது. ஆனால் அங்கே அடுக்கி வைத்திருப்பது பார்ப்பதற்குத்தான். வாங்குவதற்கு மார்க்கெட், இல்லாவிட்டால் மலை இறங்கும்போது பர்லியார் ரோட்டோரக் கடைகள்.

ப்ளம்ஸ். ஒரு லிட்டருக்குக் கால் கிலோ. அழுத்தினால் லேசாக அமுங்குகிற பழம் வேண்டும், கல் மாதிரி இருந்தால் வெறும் புளிப்புதான். தோலை உரிக்கக் கூடாது, நிறமும் அந்தச் சுருக்கென்ற புளிப்பும் தோலில்தான் இருக்கின்றன. கொட்டையை எடுத்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் போட்டு, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை தூவி, மத்தின் அடியாலோ கரண்டியாலோ ஒன்றிரண்டாக நசுக்குங்கள். மிக்ஸி வேண்டாம், கூழாகிவிடும், அப்புறம் எத்தனை முறை வடித்தாலும் கலங்கல்தான். நசுக்கிய பழத்தை அரை மணி நேரம் மூடி வைத்தால் சர்க்கரை சாற்றை வெளியே இழுத்து, கிண்ணத்தின் அடியில் சிவப்பாக ஒரு ஜூஸ் நிற்கும். இதைத்தான் டீயில் சேர்க்கப்போகிறோம், சக்கையோடு. பழம் ரொம்பப் புளித்தால் மட்டும் கால் டம்ளர் தண்ணீர் விட்டு ஐந்து நிமிஷம் அடுப்பில் வைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், வாசனை கொஞ்சம் ஜாம் பக்கம் போகும், ஆனால் புளிப்பு அடங்கும்.

தாட்பூட். என் ஓட்டு இதற்குத்தான். ஆர்த்தடாக்ஸ் டீயில் இருக்கிற பூ வாசனையும் இதன் வாசனையும் சம்பந்தி மாதிரி சண்டை போடாமல் பழகிக்கொள்ளும். மார்க்கெட்டில் பழக்கமான ஒரு அக்காவிடம்தான் வாங்குவேன்.

“அக்கா, தாட்பூட்டு சுருங்கினதா பாத்துக் குடுங்க.”

“வர்றவங்க எல்லாம் பளபளன்னு இருக்கறதத்தான் பொறுக்குவாங்க. நீ இத எடுத்துக்க தம்பி, வெல போட்டுத் தர்றேன்.”

பளபளப்பான பழம் இன்னும் புளிப்பு மாறாதது. தோல் சுருங்கி, கையில் எடுத்தால் கனமாக இருக்க வேண்டும், சுருங்கியும் லேசாக இருந்தால் உள்ளே காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு லிட்டருக்கு நான்கு பழம். பாதியாக வெட்டி, உள்ளே இருக்கிற விதையும் சாறும் ஸ்பூனால் வழித்து எடுங்கள், ஒட்டியிருக்கிற வெள்ளைத் தோலைச் சுரண்ட வேண்டாம், அது கசக்கும். வடிகட்டியில் போட்டு ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்தால் சாறு தனியாக வந்துவிடும். கறுப்பு விதை டம்ளரில் மிதப்பது எனக்குப் பிடிக்கும், பிள்ளைகளுக்கும் அதைக் கடிப்பது ஒரு விளையாட்டு. பெரியவர்களுக்குப் பல்லில் மாட்டும், வடிகட்டிவிடுங்கள்.

பீச். தோலில் இருக்கிற ரோமம் டீயில் மிதக்காமல் இருக்க நன்றாகத் தேய்த்துக் கழுவி, தோலைச் சீவிவிட்டு மெல்லிய துண்டுகளாகப் போடுங்கள். இது சாறு விடுகிற பழம் இல்லை, நேரம் கேட்கும், டீயோடு சேர்த்து மூன்று மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும்.

ஸ்ட்ராபெர்ரி பற்றி ஒன்றே ஒன்று. காம்பைக் கிள்ளுவதற்கு முன்னால் கழுவுங்கள், இரண்டு மூன்று தண்ணீரில். காம்பை எடுத்துவிட்டுக் கழுவினால் பழம் தண்ணீரைக் குடித்துச் சொதசொதத்துப் போகும். மற்றபடி ப்ளம்ஸ் மாதிரியேதான், சர்க்கரை போட்டு நசுக்குவது.

பேரிக்காய், ஆப்பிள் இரண்டும் டீக்குள் பெரிதாக ஒன்றும் இறக்காது, டம்ளரில் கடித்துச் சாப்பிட நன்றாக இருக்கும், அழகுக்கு. மரத்தக்காளி போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது ரசத்தை ஞாபகப்படுத்துகிறது, நான் சொல்ல மாட்டேன். பர்லியார் மங்குஸ்தான் கிடைத்தால் உரித்து அப்படியே சாப்பிடுங்கள், டீயில் போட்டால் அதன் ருசி தொலைந்துவிடும்.

எலுமிச்சை எல்லா பழத்துக்கும் துணை. ஒரு லிட்டருக்கு அரை மூடி, கடைசியில். பிழிந்தவுடன் டீயின் நிறம் ஒரு படி வெளுத்துப் பொன்னிறமாகும், பயப்பட வேண்டாம், புளிப்பு பட்டால் டீயின் சாயம் அப்படித்தான் மாறும். தோலோடு வட்டம் வட்டமாக நறுக்கிப் போடுகிறவர்கள் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும், விட்டுவிட்டால் தோலின் வெள்ளைப் பகுதி கசப்பை விட்டுவிடும். ஆரஞ்சுக்கும் இதே சட்டம்.

புதினாவை நறுக்காதீர்கள். நான்கு இலையை உள்ளங்கையில் வைத்து இன்னொரு கையால் ஒரு தட்டு, அப்படியே டம்ளரில். இஞ்சி போடுவதானால் டீ சூடாக இறங்கும்போதே நசுக்கிப் போட்டுவிடுங்கள், பச்சைத் தண்ணீர் முறைக்கு அது சரிவராது.

சேர்க்கிற நேரம்

ஒரே ஒரு விதி: பழம் சூடான டீயைப் பார்க்கக் கூடாது. டீ நன்றாக ஆறிய பிறகு, முடிந்தால் குளிர்ந்த பிறகு, நசுக்கிய பழத்தைச் சேருங்கள். கொதிக்கிற டீயைப் பழத்தின் மேல் ஊற்றினால் பழம் வெந்த வாசனை வரும், கலங்கவும் கலங்கும். ப்ளம்ஸ், ஸ்ட்ராபெர்ரி என்றால் சேர்த்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு வடிகட்டலாம், தாட்பூட் சாறு என்றால் உடனேயே குடிக்கலாம்.

ஊற்றும்போது டம்ளரில் முதலில் ஐஸ், பிறகு ஒரு ஸ்பூன் பழத்துண்டு, மேலே டீ, அப்புறம் பாகு ருசிக்குத் தக்கபடி, எலுமிச்சை கடைசி. ஐஸ் கரைந்து டீ தண்ணீராகிப் போவது பிடிக்காது என்றால், போட்ட டீயிலேயே கொஞ்சத்தை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளுங்கள், கரைந்தாலும் டீதான் கரையும். கீழே, கோவை, திருப்பூர் வெயிலில் இது ரொம்பவே உதவும். குன்னூரில் அவ்வளவு ஐஸ் போட்டால் பல் கூசும், ஃப்ரிட்ஜ் குளிர்ச்சியே போதும்.

பால் சேர்க்கலாமா என்ற கேள்வியும் வரும். ப்ளம்ஸும் எலுமிச்சையும் போன டீயில் பால் ஊற்றினால் திரிந்துபோகும். வேண்டாம்.

வைத்துக் குடிப்பது, எடுத்துக்கொண்டு போவது

வெறும் டீயை வடிகட்டி, மூடி, ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். பழம் சேர்த்துவிட்டால் அன்றைக்கே முடிப்பது நல்லது, மறுநாள் காலை வரை போகலாம். மேலே நுரை மாதிரி குமிழ் தெரிந்தாலோ, திறந்தவுடன் புளித்த மாவு வாசனை அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். எப்போது யார் வருவார்கள் என்று தெரியாத சீசன் நாட்களில் வெறும் டீ ஒரு ஜாடி, பாகு ஒரு பாட்டில், நசுக்கிய பழம் ஒரு கிண்ணம் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால், கதவைத் தட்டின பிறகு கலந்தால் போதும்.

நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்கும் குளிர்பானத்துக்கும் தடை இருக்கிறது, செக்போஸ்ட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஸ்டீல் ஃபிளாஸ்க்கோ கண்ணாடி பாட்டிலோ எடுத்து வாருங்கள். மலை இறங்கும்போது காரில் கொண்டுபோக நினைத்தால் டீயையும் ஐஸையும் மட்டும் ஃபிளாஸ்க்கில் போட்டு, பழச்சாற்றைத் தனிப் பாட்டிலில் வையுங்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவு குலுங்கிக் கீழே போய்ச் சேருவதற்குள் நசுக்கிய ப்ளம்ஸ் ஃபிளாஸ்க் வாயை அடைத்துக்கொண்டு வராது. ஃபிளாஸ்க்கை விளிம்பு வரை நிரப்பாதீர்கள்.

ஜில்லென்று இனிப்பாக இருப்பதால் பிள்ளைகள் ஜூஸ் என்று நினைத்துக் குடித்துக்கொண்டே இருப்பார்கள், இதிலும் காஃபீன் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு டீயைப் பாதியாகக் குறைத்துத் தண்ணீரும் பழமும் கூட்டிக் கொடுங்கள், மாலை நாலு மணிக்கு மேல் அதுவும் வேண்டாம், அப்புறம் ராத்திரி யார் தூங்க வைப்பது? ரத்தசோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பாட்டோடும் மாத்திரையோடும் சேர்த்து எந்த டீயும் குடிக்க வேண்டாம். இரும்புச் சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

வடிகட்டிய பிறகு மிஞ்சுகிற ப்ளம்ஸ் சக்கையில் இன்னும் புளிப்பு இருக்கும். அதோடு ஒரு பச்சை மிளகாயும் உப்பும் கொஞ்சம் வெல்லமும் சேர்த்து அடுப்பில் சுண்ட வைத்தால் மறுநாள் சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ளலாம். சக்கை இலையைக் கழுவி ரோஜாத் தொட்டியில் போட்டுவிடுங்கள்.